கன்னடி எழுதிய வரி

எங்கள் தொழிலில் பாதிச் சண்டை ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கும், மேடம். "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுது?" சோதித்தவன் கோளாறு இருக்கிறது என்பான். எழுதியவன் இல்லவே இல்லை என்பான். இரண்டு நாளைக்கு ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க மாட்டார்கள். அந்தச் சண்டையை எங்கள் ஆபீஸிலிருந்து ஒழித்தவன் நான். இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றது எல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

என் பெயர் வாதிராஜ். ஜெயநகர் நான்காம் பிளாக்கில் ஆபீஸ். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று டாக்டர் பதிவார்; வார்டில் நர்ஸின் திரையில் அது வரும். அது சரியாக வருகிறதா என்று பார்ப்பது என் பிரிவு. ஆளை வைத்துப் பார்ப்பதில்லை. ஒரு நிரல் தானாக ஓடி, சோதனைக்கென்று வைத்திருக்கும் சர்வருக்கு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கோரிக்கை அனுப்பும். வந்த பதில் சரியா, தப்பா என்று லாக் என்கிற பதிவேட்டில் எழுதும். முன்பெல்லாம் 'தப்பு' என்று மட்டும் எழுதும். எதை அனுப்பியதால் தப்பு என்று கேட்டால் பதில் இருக்காது. வீட்டில் திருட்டுப் போயிற்று என்று சொல்லிவிட்டு, என்ன போயிற்று என்று சொல்லாத ஆளைப் போல.

ஒன்பது வருஷத்துக்கு முன் அதற்கு ஒரு சின்னக் கருவி எழுதினேன். அனுப்பிய ஒவ்வொரு கோரிக்கையையும் அது முழுசான ஒரு கட்டளையாக லாகில் எழுதிவைக்கும். எந்த முகவரிக்கு, எந்தச் சாவியோடு, அதாவது சர்வரைத் திறக்கும் ரகசியக் குறியீட்டோடு, என்ன அனுப்பினோம், எல்லாம் ஒரே வரியில். தப்பு வந்தால் அந்த வரியை அப்படியே எடுத்துக் கட்டளை தட்டும் கருப்புத் திரையில் ஒட்டி எண்டரைத் தட்டினால் போதும். அன்றைக்கு நடந்தது இன்றைக்கும் அச்சு அசலாக நடக்கும். அதன் பிறகு வாய்ச்சண்டைக்கு ஏது இடம்? கருவிக்குக் கன்னடி என்று பெயர் வைத்தேன். கன்னடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி, அவ்வளவுதான். 'பேஸ்ட் பண்ணு, அப்புறம் பேசு' என்பது எங்கள் ஆபீஸில் சட்டமே ஆகிவிட்டது.

உல்லாஸ் என்று ஒருவன், நிரல் எழுதுகிறவன், என்னோடு தினமும் ஒரு காப்பியை பை-டூ என்று பாதிப் பாதியாகக் குடிக்கிறவன், அவன் சொல்வான்: "குரு, என் பொண்டாட்டி நேத்து சொன்னதை இன்னிக்கு சொல்லவே இல்லைங்கறா. அவளுக்கும் ஒரு கன்னடி மாட்டிக் குடு." எனக்கு அதைக் கேட்க ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருக்கும். எனக்குக் குழந்தை இல்லை, மேடம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் குஞ்சு உண்மையிலேயே பொன்னாக இருந்தது.

சிஞ்சனா சேர்ந்தது போன வருஷம், யுகாதிக்குப் பிறகு. சிர்சிப் பக்கத்துப் பெண். கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. மூன்றாம் மாதம், ஒரு வியாழக்கிழமைக் கூட்டத்தில், ஆஸ்பத்திரிக்காரர்களும் உட்கார்ந்திருக்கும்போது கையைத் தூக்கினாள்.

"சார், கன்னடி எழுதற ஒவ்வொரு வரியிலயும் சர்வரோட சாவி அப்படியே அம்மணமா நிக்குது. லாகைப் பாக்கறவங்க யார் வேணா எடுத்துக்கலாம். வீட்டைப் பூட்டிட்டு, சாவியை வாசக் கதவுலயே ஆணியடிச்சு மாட்டின மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். "ஒம்பது வருஷமா மாட்டியிருக்காரே," என்றான் உல்லாஸ். "திருடனே வெக்கப்பட்டுக்கிட்டுத் திரும்பிப் போயிருப்பான்."

நானும் சிரித்தேன். விசாரித்தால் அப்படித்தான் சொல்வார்கள். எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் சிரித்தேன். அவள் சொன்னது தப்பாக இருந்திருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன். அவள் சொன்னது சரி. அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

இரண்டே நாளில் திருத்திவிட்டாள். சாவி இருந்த இடத்தில் வெறும் பெயர் மட்டும் வரும். வரியை யார் ஒட்டுகிறாரோ அவருடைய சொந்தச் சாவி அங்கே தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். நல்ல திருத்தம். எங்கள் மேலாளர் கிருபாகர் அவளைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தார். "இனிமே கன்னடியை சிஞ்சனாவே பாத்துக்கட்டும். வாதி, நீங்க கூட இருந்து சொல்லிக்குடுங்க, போதும்." என் கருவிக்கு நான் கூட இருக்கிறவன். சரி சார் என்றேன்.

ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். ஆத்திரப்படுகிறவன் ஐந்து வாரம் காத்திருக்க மாட்டான்.

எங்களிடம் முறை வைத்து உதவி வேலை உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் அந்த வாரம் முறை உள்ளவர் பார்க்க வேண்டும். அந்த ஒரு வாரத்துக்கு அவருடைய சாவி சோதனை சர்வரையும் திறக்கும், ஆஸ்பத்திரியின் நிஜ சர்வரையும் திறக்கும். சிஞ்சனாவின் முறை ஆவணி இரண்டாம் வாரம் வந்தது. முன்னாடி இருந்த கன்னடியில் சோதனைச் சாவி மட்டும்தான் வரியில் இருக்கும். அதை நிஜ சர்வருக்கு அனுப்பினால் திறக்காது. அவளுடைய திருத்தத்துக்குப் பிறகு திறக்கும். என் வேலையைச் சுலபமாக்கியது அவள்தான். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நான் சேர்த்தது நாலு வரி. அவள் பெயரில் ஓடும்போது, ஒரே ஒரு சோதனைக்கு மட்டும், கன்னடி எழுதும் முகவரி மாறும். சோதனை ஓடுவது என்னவோ சோதனை சர்வரில்தான். லாகில் எழுதப்படுவது மட்டும் நிஜ சர்வரின் முகவரி. இரண்டுக்கும் நடுவில் மூன்றெழுத்துத்தான் வித்தியாசம். வரி ஐந்தாறு மடிப்பு மடிந்து நீளமாகக் கிடக்கும். அதை யாரும் படிப்பதில்லை. படிக்கத் தேவையே இருக்கக்கூடாது என்றுதானே அதைச் செய்தேன். பிறகு அந்தச் சோதனை தப்பு என்று வரும்படி, எதிர்பார்க்கும் பதிலில் ஒரு எண்ணை மாற்றினேன்.

அந்தச் சோதனையின் பெயர் 'வார்டு காலி'. ஒரு வார்டையே வேறு இடத்துக்கு மாற்றும்போது, அங்கே பாக்கியிருக்கும் மருந்துக் குறிப்புகளை மொத்தமாக ரத்து செய்வது. அதில் நான்காவது வார்டு என்று ஆரம்பத்திலிருந்தே எழுதியிருந்தது. நான்காவது வார்டை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இது பதிவாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றே முக்காலுக்கு அவள் திரையில் சிவப்பு வந்தது. எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருக்கிறாள். வரியை எடுத்தாள், ஒட்டினாள், எண்டரைத் தட்டினாள். தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சார், லாக்ல ஃபெயில்னு இருக்கு. நான் ஓட்டினா சரியா வருதே?"

"வரட்டும். ரிப்போர்ட்ல அந்த வரியோட போட்டு வை. அப்புறம் பாப்போம்."

அவள் விடவில்லை. நான் சொன்னேனே, கெட்டிக்காரி. "ஆனா சார், முப்பத்தொரு குறிப்பு ரத்தாச்சுன்னு வருது. டெஸ்ட் வார்டுல மொத்தமே ஒம்பதுதானே இருக்கும்?"

"பழைய டேட்டாவை எவனும் அழிச்சிருக்க மாட்டான். உல்லாஸோட வேலையா இருக்கும். விடும்மா."

"சரி சார்," என்றாள்.

ஒரு நிமிஷம் அவள் இன்னும் யோசித்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். யோசிக்காமல் விட்டாள், நான் சொன்னதால். என் மேல் அவளுக்கு மரியாதை இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் நர்ஸ்கள் பார்த்துவிடுவார்கள், அவளைக் கூப்பிட்டுக் கத்துவார்கள், அவள் தலை குனிவாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இப்படி உங்களிடம் சொல்லலாம் என்று வரும் வழியில் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆனால் அது பொய். அந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சி கொடுக்கப் போனவன் நானே. வார்டு வார்டாக நின்று சொன்னேன்: "சிஸ்டர், திரையில வராததைக் குடுக்காதீங்க. காகிதத்தை நம்பாதீங்க. மறந்துட்டா சிவப்பு எச்சரிக்கை வரும், பயப்படாதீங்க." குறிப்பு இருந்து மருந்து கொடுக்காவிட்டால்தான் சிவப்பு வரும். குறிப்பே ரத்தானால் வராது. மென்பொருள் அப்படித்தான் இருக்க வேண்டும். அதையும் சோதித்துச் சரி என்று எழுதியது என் பிரிவுதான்.

நாலரைக்கு உல்லாஸோடு காப்பி குடித்தேன், ஒரு மத்தூர் வடை சாப்பிட்டேன். திரும்பி வந்து, மூத்தவன் என்பதால் எந்த வாரமும் இரண்டு சர்வரையும் திறக்கும் என் சாவியால், ரத்தான முப்பத்தொன்றையும் திறந்து பார்த்தேன். சத்து மாத்திரை, வலி மாத்திரை, சர்க்கரைக்கு ஊசி. பதினோராவது படுக்கையில் ஒரு அம்மாள். இதயத்தில் செயற்கை வால்வு. அங்கே ரத்தம் உறையாமல் இருக்க ஊசி, மாலை ஆறு, காலை ஆறு. அந்த மருந்து எனக்குத் தெரியும். தவறவே விடக்கூடாத மருந்துகள் என்று நாங்கள் வைத்திருக்கும் பட்டியலில் மூன்றாவதாக இருக்கிறது.

எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர ஒரே ஒரு கட்டளை போதும். அதையும் எழுதிவைத்தேன், என் திரையில் தயாராக இருந்தது. எண்டரைத் தட்டியிருந்தால் போதும். தட்டியிருந்தால் யார் தட்டியது என்று கேட்பார்கள். ஐந்தரைக்கு சிஞ்சனா பையை எடுத்துக்கொண்டு, "வரேன் சார்," என்றாள். ஆறு மணி வரை நான் இருந்தேன். பிறகு திரையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பத்தரைக்கு டாக்டர் சுற்றுக்கு வந்தபோது அந்த அம்மாளுக்கு ஒரு பக்கம் விழுந்து, பேச்சு போயிருந்தது. வெள்ளிக்கிழமை இறந்துபோனார். ஊசி போட்டிருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னாராம். எனக்கு அதைக் கேட்டபோது நிம்மதியாக இருந்தது.

ஆபீஸில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. நிஜ சர்வரின் பதிவில் சிஞ்சனாவின் சாவி இருந்தது. "லாக்ல இருந்ததைத்தான் சார் பேஸ்ட் பண்ணேன், சத்தியமா," என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். நான் கணக்குப் போட்டதெல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. நாலு வரியையும் மாற்றிய எண்ணையும் நான் அன்றைக்கே எடுத்துவிட்டேன், சுவடு இல்லாமல். ஆனால் அவள் என் சட்டப்படி ரிப்போர்ட்டில் அந்த வரியைப் போட்டு வைத்திருந்தாள். நான்தான் போடச் சொன்னேன், நினைவிருக்கிறதா? சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், மேடம். தானாக வந்துவிட்டது.

குழு அதைத் திறந்து பார்த்தது. லாகில் இருந்த வரியிலேயே நிஜ முகவரி. பெண் ஒட்டியதில் தப்பில்லை என்று ஆகிவிட்டது. கன்னடியை நூறு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். நூறு தடவையும் சரியாகவே எழுதியது. பிழை எங்கே என்று தெரியவில்லை. தெரியாததால் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? நேற்றுக் காலை கிருபாகர் எல்லாரையும் கூட்டிவைத்து வாசித்தார். "தனிப்பட்ட யார் மேலயும் தப்பில்லை. கன்னடி நம்பத்தகாத கருவி. எப்போ எந்த முகவரியை எழுதும்னு சொல்ல முடியலை. இன்னிலேருந்து நிறுத்தியாச்சு." உல்லாஸ் சொன்னான்: "நல்ல வேளை, குரு. ஒம்பது வருஷமா பாம்பை மடியில வெச்சிருந்திருக்கோம்."

சிஞ்சனா கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள். "உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும் சார். சாரி," என்றாள். அவள் கண்ணில் இரக்கம் இருந்தது. அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

அதனால்தான் இன்றைக்கு நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை, சந்தேகப்படவும் இல்லை. அந்த நாலு வரியை ஒரு காகிதத்தில் அச்செடுத்து வந்திருக்கிறேன். என் வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டர் ஆட்களிடம் கொடுத்து, கன்னடியில் சேர்த்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் சொன்னபடியே நடக்கும். எடுத்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். கருவி சரியாக இருக்கும். ஒன்பது வருஷமாக இருந்தது போலவே இருக்கும்.

அந்த அம்மாளின் பெயரை நீங்கள் மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள். எனக்குப் பதினோராவது படுக்கை என்றுதான் தெரியும். ஆஸ்பத்திரி கொடுத்த கேஸ் பைலிலிருந்து நீங்கள் எடுத்த போட்டோவை மேஜை மேலேயே வையுங்கள், பரவாயில்லை. நான் வேண்டுமென்றே செய்தேன், தெரிந்தே விட்டேன், கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கன்னடி தப்பாக எழுதியது என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.