மேட்டில் ஊற்றிய சாயம்

தண்ணீர் வேண்டாம் மேடம், கையில் இருக்கிறது. பாட்டில் இல்லாமல் வெளியே கிளம்பினால் என் மகளுக்குக் கோபம் வரும். கல்யாணமாகிப் போன பிறகும் என்னைக் கவனிப்பதை அவள் விடவில்லை. இன்றைக்கு இந்த விசாரணைக்கும் அவள்தான் கொண்டுவந்து விட்டாள். பேத்தியோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கதிர்வீச்சுக் கழிவுக் கிடங்குக்குக் கீழே இருக்கிற கிணறுகளை வருஷா வருஷம் சோதிக்கிறோமே, அதில் மேட்டடியில் காய்கறி போடுகிற தோட்டக்காரர் வீட்டுக் கிணறு மட்டும் ஏன் ஒரு தடவைகூட இல்லை என்று கேட்டீர்கள். மறந்துபோச்சு என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். வயதானவன் மறப்பதில் என்ன அதிசயம். ஆனால் நான் மறந்தது என் மூக்குக் கண்ணாடியை, சாவியை, பக்கத்து வீட்டுக்காரர் பெயரை. அந்தக் கிணற்றை ஒரு நாள்கூட மறந்ததில்லை.

ஆபீஸில் எனக்குத் 'தண்ணி சார்' என்று பெயர். ஒரு சொட்டு மது தொடாதவனுக்கு இப்படி ஒரு பட்டம். நிலத்துக்கடியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. அணை கட்டினாலும் சாயப்பட்டறை வைத்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படித்தான் இந்தக் கிடங்கின் சுற்றுச்சூழல் ஆய்வும் என் மேஜைக்கு வந்தது.

கதிர்வீச்சுக் கழிவு என்றால் ஜனங்கள் பூதம் மாதிரி நினைக்கிறார்கள். இது அந்த வகை இல்லை. ஆஸ்பத்திரிக் கையுறை, துடைத்த துணி, ஆய்வுக்கூடத்துக் குப்பி, வடிகட்டி, அவ்வளவுதான். டிரம்மில் அடைத்து, கான்கிரீட் பள்ளத்தில் அடுக்கி, மேலே மண் மூடுவார்கள். என் மனைவியின் புற்றுநோய்க்குக் கதிர் வைத்துப் பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்தும் டிரம்கள் வந்திருக்கும். எனக்கு அதன்மேல் கோபம் எதுவும் இல்லை. எங்கேயாவது வைத்துத்தானே ஆகவேண்டும்.

எங்கே என்பதுதான் பிரச்சினை. இரண்டு இடம் பார்த்திருந்தார்கள். ஒன்று, தோட்டக்காரர் ஊருக்கு மேலே இருக்கிற மொட்டை மேடு. இன்னொன்று, எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் கைவிட்ட கல் குவாரி. மேடு தேறினால் மேடு, தேறாவிட்டால் குவாரி. நடுவில் வேறு பேச்சே கிடையாது. மேடு தேறுமா தேறாதா என்பது தண்ணீரைப் பொறுத்தது, அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

என் மனைவி போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகள் தலைவலி வந்தாலே பயந்துவிடுவாள். அம்மாவுக்கு வந்தது தனக்கும் வரும் என்று ஒரு எண்ணம் அவளுக்குள் புகுந்துவிட்டது. ஒருநாள் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது வாசற்படியில் வந்து நின்றாள்.

"அப்பா, அது நம்ம பக்கம் வராதுல்ல?"

"வராதும்மா."

வாயில் வந்துவிட்டது. அப்போது ஒரு சோதனையும் செய்திருக்கவில்லை. ஆனால் பெற்ற பெண்ணுக்குக் கொடுத்த வார்த்தை ஒன்று இருக்கிறதே. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். அதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

சோதனை எளிமையானது. மேட்டில் ஆழமாகத் துளை போட்டு அதில் சாயத்தை ஊற்றுவோம். பார்க்கச் செம்மண் தூள் மாதிரி இருக்கும், தண்ணீரில் கரைந்தால் பளீரென்று பச்சை. ஆளுக்குக் கெடுதல் கிடையாது. கீழே இருக்கிற கிணறுகளில் கரிப் பொட்டலங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவோம். துளி சாயம் வந்தாலும் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆய்வுக்கூடத்தில் ஊறவைத்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்போம். சாயம் ஊற்றுவதை ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்று விதி. நான் சொல்லவில்லை. வீணாகப் பயப்படுவார்கள். கரிப் பொட்டலம் கிணற்றைச் சுத்தம் பண்ணும் என்று தோட்டக்காரர் தானாகவே நினைத்துக்கொண்டு, கயிற்றை இறுக்கிக் கட்டச் சொல்லி உதவியும் செய்தார். நான் மறுத்துப் பேசவில்லை.

மேட்டிலிருந்து தண்ணீர் கீழே வர ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும் என்று கிடங்கைக் கட்டவந்த கம்பெனியின் கணக்கு சொன்னது. சாயம் ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டது. எல்லாக் கிணற்றுக்கும் இல்லை, தோட்டக்காரர் கிணற்றுக்கு மட்டும். பாறைக்குள் குழாய் போட்ட மாதிரி ஒரு வெடிப்பு இருந்திருக்க வேண்டும். பொட்டலத்தை வெளியே இழுத்தபோதே தெரிந்துவிட்டது. விளக்கே வேண்டியிருக்கவில்லை. கயிற்றில் சொட்டிய தண்ணீர் பச்சையாக இருந்தது.

அந்தப் பொட்டலத்தை என் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடினேன். வீட்டுக்குப் போய் ஒரு புதுப் பொட்டலத்தைக் குளியலறை வாளியில் ஊறப்போட்டு, மறுநாள் அதை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். அந்த முதல் ஆய்வறிக்கையில் தோட்டக்காரர் கிணறு என்று நீங்கள் படிப்பது உண்மையில் என் வீட்டு வாளி. எங்கள் குழாய்த் தண்ணீர் சுத்தமானது, மேடம். அறிக்கையும் சுத்தமாக வந்தது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் மக்கள் கருத்துக் கேட்கிற கூட்டத்துக்குத் தோட்டக்காரர் ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். மேடையில் கம்பெனி ஆட்கள், அதிகாரிகள், நான். மகளும் வந்திருந்தாள், அப்பா மேடையில் பேசுவதைப் பார்க்க வேண்டும் என்று. தோட்டக்காரர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஜாடியை என் மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"சார், என் கிணத்துத் தண்ணி ஏன் சார் இப்படி இருக்கு?"

இள வாழையிலை மாதிரி ஒரு பச்சை. கம்பெனி மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. நான் எழுந்தேன். கோடையில் கிணற்றில் பாசி பிடிக்கும் என்றேன். பிடிக்கும்தானே, அதில் பொய் இல்லை. இந்தத் தண்ணீரால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றேன். அன்றைய தேதிக்கு அதுவும் உண்மை. மேஜையில் எனக்கு வைத்திருந்த கிளாஸில் இருந்ததைக் கீழே கொட்டிவிட்டு, ஜாடியிலிருந்து ஊற்றி, எல்லோர் கண்முன்னும் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பின்னாலிருந்து யாரோ, "தோட்டக்காரரே, பாசிக்குப் போய் இவ்வளவு பயமா" என்று கேட்க, மண்டபமே சிரித்தது. அவர் ஜாடியை எடுத்துத் துண்டால் மூடிக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க சார், படிக்காதவன்" என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை, என் மகளைப் பார்த்தேன். அவள் அப்படி என்னைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அம்மா செத்த பிறகு அவள் முகத்தில் பயம் இல்லாமல் நான் பார்த்த முதல் நாள் அது.

அந்தக் கூட்டத்தில் நான் பொய் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேட்டில் கிடங்கு வந்தது. தோட்டக்காரர் மனசு கேட்காமல் ஒருநாள் கத்தரிக்காயும் பாகற்காயும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார், மேடையில் என்னைச் சங்கடப்படுத்திவிட்டதற்காக. கூட அவர் மகனும் வந்தான், பம்ப் மோட்டார் பழுது பார்க்கிறவன். எங்கள் வீட்டு மோட்டார் அன்று சரியாக ஓடவில்லை. அவன் பார்க்கிறேன் என்றான். பிறகு இன்னொரு தடவை வந்து பார்த்தான். மோட்டார் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகும் வந்துகொண்டிருந்தான். எல்லாம் எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

என்னால் முடிந்த தடையெல்லாம் சொன்னேன். ஊர் தூரம் என்றேன், பஸ் வசதி இல்லை என்றேன், பையன் அதிகம் படிக்கவில்லை என்றேன். எல்லாம் ஓட்டைச் சாக்கு. உண்மையான காரணம் ஒன்றுதான் இருந்தது, அதை வெளியே எடுக்க வழியில்லை. கல்யாணம் முடிந்து டவுனிலேயே இருங்கள், பாதி வீட்டை உங்களுக்கு விடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"அங்க காத்து நல்லாருக்கு, தண்ணி நல்லாருக்கு. நீங்களே எல்லார் முன்னாடியும் குடிச்சீங்களேப்பா" என்றாள்.

அப்படித் தோட்டக்காரர் எனக்குச் சம்பந்தி ஆனார். என் மகள் அந்தக் கிணற்றடிக்குக் குடிபோனாள்.

வருஷா வருஷம் சோதிக்கிற கிணறுகளை ஆரம்பத்திலேயே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான். கண்காணிப்புக் குழுவில் தண்ணீர் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. மேட்டோடு தொடர்பே இல்லாத, நல்ல பாறையில் தோண்டிய கிணறுகளாகப் பார்த்துப் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டுக் கிணற்றைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். சேர்த்தால் ஏன் இவ்வளவு நாள் இல்லை என்று யாராவது கேட்பார்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தான் செய்யும்.

ஆனாலும் தனியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மகள் கொடுத்துவிடுகிற பாட்டிலில் பாதியை வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு வேறு பெயரில் அனுப்புவேன். முதல் சில வருஷம் ஒன்றுமில்லை. பேத்தி பிறந்து தவழ ஆரம்பித்த சமயம் கொஞ்சம் கதிர்வீச்சு வந்தது. வரம்புக்குள்தான். அடுத்த கோடையில் வரம்பைத் தாண்டியது. போன கோடையில் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். குழந்தைக்கென்று கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய் இறக்கினேன். சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன சம்பந்தி, நீங்க குடிச்சுக் காட்டின கிணறு, இப்ப உங்களுக்கே பயமா?" என்றார். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மகள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நானும் சிரித்தேன். வாளியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு குடித்தேன். பேத்தி தனக்கும் வேண்டும் என்று அழுதாள், என் மகள் அதே சொம்பில் கொடுத்தாள். கேன் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார்கள்.

சம்பந்தி போன மழைக்காலத்தில் தவறிப்போனார், வயிற்றில் கட்டி. அதற்கும் கிணற்றுக்கும் தொடர்பு உண்டு என்று எந்த டாக்டராலும் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் முடியாது. நான் அறிவியல் படித்தவன், அளந்துதான் பேசுவேன்.

ஆனால் அவர் வருகிறார், மேடம். மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் போதும், ஜாடியோடு வந்து நிற்பார். கோபமாக வந்தால் நானும் இரண்டு வார்த்தை பதில் சொல்லியிருப்பேன். கைகட்டித்தான் நிற்கிறார். சம்பந்தி என்று கூப்பிடாமல் பழையபடி சார் என்கிறார். என் கிணத்துத் தண்ணி ஏன் சார் இப்படி இருக்கு என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். கண் விழித்தால் தண்ணீர் கிளாஸின் அடியில் பச்சை தெரிகிறது. கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்.

சரி, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மேடு தேறாது என்று எனக்குத் தெரியும். பொட்டலத்தை மாற்றியது நான். கிணற்றை விட்டது நான். கழிவு தண்ணீரில் இறங்கிவிட்டது என்று தெரிந்தும் இரண்டு கோடை வாயைத் திறக்காதது நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை, யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. எல்லாம் என் மகளுக்காகச் செய்தது.

பேத்திக்குக் கொஞ்ச நாளாக அடிக்கடி காய்ச்சல். இன்றைக்கு இங்கிருந்து நேராக ரத்தப் பரிசோதனைக்குத்தான் போகிறார்கள். என்னை நிபுணர் என்ற முறையில் கருத்துக் கேட்கக் கூப்பிட்டிருப்பதாக மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வரும் வழியெல்லாம் குழந்தையிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள், தாத்தா பெரிய ஆள் என்று.

இந்தப் பாட்டிலில் இருப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். பேத்தியின் கையிலும் இதே மாதிரி சின்னதாக ஒன்று இருக்கிறது. வெயில் ஏறிவிட்டது, இவ்வளவு நேரத்தில் அவள் குடித்திருப்பாள். வாசலில் அதை வாங்கிக் கீழே கொட்டியிருக்கலாம்தான், கையெட்டும் தூரத்தில் நின்றாள். ஆனால் கொட்டியிருந்தால் என் மகள் என்னைப் பார்க்கிற பார்வை அந்த நிமிஷமே மாறிப் போயிருக்கும், மேடம்.