மோட்டார் தெருவில் காமாலை

கண்ணாடியில் என் கண்கள் மஞ்சளாகத் தெரிந்தன. குளியலறை பல்பை மாற்றினேன். படித்தவன் அல்லவா. புதிய பல்பிலும் மஞ்சள்.

வாந்தி. வாளிக்குள் தலை. வெளியே தெருக்குழாயில் தண்ணீர் விடும் நேரம். வீட்டுக்கு வீடு மோட்டார் உறுமுகிறது. என்னுடையதும். அதற்கு மேல் பக்கத்து வீட்டு டாக்டர் பரிமளாவின் குரல்.

"மோட்டார நிறுத்துங்க! அந்தத் தண்ணியத் தொடாதீங்க!"

திருமுல்கேரி, தெலுங்கும் உருதும் கலந்த பேட்டை. கோடைக்காலம். காலனியில் காமாலை பரவியதும் நானும் கோடி வீட்டு ராவும் எதிரியைக் கண்டுபிடித்திருந்தோம். பானிபூரிக்காரர். வண்டியோடு விரட்டினோம். "கைக்கு சாப்?" என்று காரணம் கேட்டுக்கொண்டே போனார். வென்ற படை வீடு திரும்பியது.

பரிமளா மதுரைக்காரர். வீடு வீடாக ஏறினார். போன மாதம் என்ன குடித்தோம் என்று கேட்டார்.

"நேத்து சாப்பிட்டதே ஞாபகமில்ல டாக்டர்" என்றேன்.

"இந்தக் கிருமி உள்ள போயி ஒரு மாசம் கழிச்சுத்தான் கண்ணுல தெரியும் சார். வண்டிக்காரர் வந்தே பத்து நாள்தான். அவரைப் போயி வெரட்டுனீங்களே, வீரரு!"

நோய் வந்த வீட்டுக் கேட்டில் சாக்பீஸ் கோடு போட்டார். போர்வெல் உள்ள பின்தெருவில் ஒரு கோடும் இல்லை. எங்கள் தெருவில் வரிசையாக. குழாயும் சாக்கடையும் ஒட்டிப் போகும் தெரு. எங்கோ விரிசல். மோட்டார் இழுத்தால் சாக்கடையும் சேர்ந்து வரும்.

கோடில்லாத கேட்டுகள் இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று கச்சிபௌலி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் கவிதாவுடையது. ஏழு மாத கர்ப்பிணி. கர்ப்பிணிக்கு இது வந்தால் உயிரையே எடுக்கும்.

"காய்ச்சித்தான் குடிக்கிறேன், ஆன்ட்டி."

"பல்லு விளக்குறது?"

கவிதா திரும்பிக் குளியலறைக் குழாயைப் பார்த்தாள்.

அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். பானிபூரி தின்னாதீர்கள் என்றார். போனார். மோட்டார்கள் ஓடின.

இப்போது நானும் மஞ்சள். என் கேட்டில் நானே கோடு போடுகிறேன். மெயினை அணைக்கிறேன். கட்டிங் பிளேயரை எடுக்கிறேன். முதலில் என் மோட்டார் வயர். அடுத்து ராவ் வீடு.

"நக்கோ! நக்கோ!"

வேண்டாம் என்று ராவ் கத்துகிறார். வெட்டுகிறேன். திட்டுகிறார். கண்கள் அவருக்கும் மஞ்சள். பின்னால் பாதித் தெரு வருகிறது, நடக்க முடிந்தவர்கள். மோட்டார்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. தெருவை நாங்களே தோண்டினோம். அனுமதி கேட்கவில்லை. இன்றும் கேட்கமாட்டோம். விரிசல் ராவ் வீட்டு வாசலில் இருந்தது.

இழப்பு: ராவ், ஆஸ்பத்திரியில் இறந்தார். பானிபூரிக்காரர், திரும்பி வரவில்லை; அவரும் எங்கள் கணக்கில்தான். கவிதாவும் குழந்தையும் அந்தக் கணக்கில் இல்லை.

பெயர் சூட்டு விழாவில் இதையெல்லாம் முழங்கினேன். கவிதா பொறுமையாகக் கேட்டாள்.

"அங்கிள், அன்னைக்கு எங்க வீட்ல நீங்க வெட்டுனது கேபிள் டிவி வயரு. மோட்டார நான் அதுக்கு முன்னாடியே, ஆன்ட்டி கேட்ட அன்னைக்கே நிறுத்திட்டேன்."