எனக்கு ஆட்சேபணை

– மறுபடியும் "நல்லா ஓடுது"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. மூணாவது தடவை வந்திருக்கேன்.

– ஓடுதே சார், நான் இன்னா பண்றது? ரெண்டு நாளா இந்த லேப்டாப்ப முன்னாடி வச்சிகினு தட்டிகினே கீறேன். கீபோர்டும் நிக்கல, டச்பேடும் நிக்கல. பாருங்க, அம்பு இன்னா சோக்கா ஓடுது.

– எங்க வீட்டுல நிக்குது. நாலு எழுத்து அடிச்சாப் போதும், கல்லு மாதிரி ஆயிடுது. அம்பு நகராது, எழுத்து விழாது. அலுத்துப்போய் எழுந்து போனா, தானா சரியாகுது. வந்து உட்கார்ந்தா மறுபடியும் அதே கதை.

– தண்ணி, காப்பி எதுனா கொட்டிச்சா?

– எங்க வீட்டுல மிஷின் பக்கத்துல டம்ளர் வைக்கிற பழக்கம் கிடையாது. ஆவடி பாக்டரியில முப்பத்தாறு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன் நான். அருள்தாஸ் சீல் வச்ச சாமானை எவனும் திருப்பிப் பார்க்க மாட்டான். மூணு தடவை பார்க்காம நான் எதுக்கும் சீல் வச்சதில்லை.

– கரீட்டு சார், கோச்சுக்காதீங்க. டாக்டர் மாதிரிதான், கேட்டுத்தானே ஆவணும். கீபோர்டு சாஃப்ட்வேர் மட்டும் புதுசா ஏத்தினேன். உள்ள தெறந்து பட்டை வயரைக் கழட்டி, தொடச்சு மாட்டினேன். கரண்ட்ல எதுனா கோளாறா இருக்குமோன்னுதான் ஊட்டு சார்ஜரையும் எடுத்தாரச் சொன்னேன். அத்த சொருகியும் நிக்கல.

– அப்போ புது கீபோர்டு போட்டுடுங்க.

– கெட்டுப்போவாத சாமானை எதுக்கு சார் மாத்தணும்? நான் மாத்த மாட்டேன்.

– வேற கடைக்காரனா இருந்தா கேட்டதுமே மாத்தியிருப்பான்.

– அப்ப அங்கியே போயிருக்கலாமே! பட்டாபிராம்லேர்ந்து சேக்காடு வர்றதுக்குள்ள எத்தினி கடை கீது.

– ஆறு. எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன். அதை விடுங்க. இன்னைக்கு சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள ஒரு கடிதம் எங்க சர்ச் சாமியார் கையில இருக்கணும். அது பாதியில இதுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு.

– இன்னா கடுதாசி சார்?

– கல்யாண ஓலை விஷயம். எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை பூசையில பொண்ணு மாப்பிள்ளை பேரை வாசிப்பாங்க. யாருக்காவது மறுப்பு இருந்தா சொல்லணும். நாளைக்கு முதல் ஓலை. "ஆட்சேபணை உண்டா, இல்லையா, எழுத்துல குடுத்துடுங்க"ன்னு சாமியார் சொல்லிட்டார்.

– யாரு கல்யாணம் சார்?

– சொல்ற நேரத்துல சொல்றேன்.

– கரீட்டு. ஒரு கடுதாசிதானே? பேனாவுல எழுதிக் குடுத்துட வேண்டியதுதானே?

– இந்த வலது கையைப் பாருங்க.

– அய்ய... ஆடுதே சார்.

– ரெண்டு வருஷமா ஆடுது. கோயில் ரெஜிஸ்டரை இருபது வருஷம் எழுதின கை. அச்சடிச்ச மாதிரி இருக்குன்னு ஆயரே சொல்லியிருக்கார். அந்த எழுத்து இன்னைக்குக் கோழி கீறின மாதிரி இருக்கறதை எவனும் பார்க்கக் கூடாது. அதனாலதான் பொண்ணோட பழைய லேப்டாப்பை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன்.

– யார்ரா அது வேம்புலி, அந்தப் பட்டாபிராம் பெரியவரா? இன்னிக்காச்சும் டீ குடிக்கறாரான்னு கேளு!

– அம்மா உள்ளேர்ந்து கேக்கறாங்க சார்.

– வெளியில குடிக்கிற பழக்கம் இல்லை.

– மூணு தபாவும் இதேதான் சொல்றீங்க. எங்க ஊட்டு டீ அவ்ளோ மோசமில்ல சார்.

– அம்மா உங்களோடதான் இருக்காங்களா?

– ஆமா. முன்னாடி கடை, பின்னாடி ஊடு. நைனா போயி பதினஞ்சு வருசம் ஆச்சு. நான், எங்கம்மா, தம்பி.

– தம்பி என்ன செய்யறார்?

– வேலப்பன்சாவடியாண்ட ஒரு காலேஜ் லேப்ல கீறான்.

– குடிப்பாரா?

– இன்னா சார், ரிப்பேருக்கு வந்துட்டு சென்சஸ் எடுக்கறீங்க! குடிப்பான். டீ. ஒரு நாளைக்கு நாலு.

– அப்பா என்ன வேலையில இருந்தார்?

– செம்பரம்பாக்கம் குடோன்ல மூட்டை தூக்கினாரு. முதுகுல சம்பாரிச்ச ஊடு சார் இது. சொல்றதுக்கு எனக்கு ஒன்னும் வெக்கம் இல்ல.

– வெட்கப்படணும்னு நான் சொன்னேனா? மிஷினைப் பாருங்க.

– பாத்துகினுதானே கீறேன். ஆமா, ஒன்னு கேக்கறேன். மூணு தபா வந்தீங்க, ஒரு தபாகூட நீங்க இத்த தொடலயே. வெத்துப் பக்கம் ஒன்னு தெறந்து கீறேன். ஊட்ல எப்டி அடிப்பீங்களோ அப்டியே அடிங்க.

– இடது கையை இங்க ஊன்றிப்பேன். இல்லாட்டி வலது கை நிலைக்காது. ஒத்தை விரல்தான். அ... ரு... பாருங்க! நின்னுடுச்சு பாருங்க!

– அட, ஆமா! அம்பும் நகரல. கைய எடுங்க... இப்ப நான் அடிக்கறேன். ஓடுது. நீங்க வாங்க... நின்னுபோச்சு! இன்னா சார், மெஷினுக்கு உங்க மேல எதுனா கோவமா?

– வீட்டுல இருக்கற கோவம் பத்தாதுன்னு இது வேறயா?

– இருங்க, இருங்க. வாட்ச்சைக் கழட்டி வைங்க. இப்ப... இல்ல, இப்பவும் நிக்குது. கையில அது இன்னா சார், கறுப்பா மணி?

– ஜெபமாலை. கையில போடறது.

– கைய ஆட்டாதீங்க. இந்தத் தம்மாத்துண்டு ஸ்க்ரூவை அதுகிட்ட காட்டறேன்... பாத்தீங்களா! பாய்ஞ்சு போய் ஒட்டிக்கிச்சு! காந்தம் சார், அத்தினியும் காந்தம்!

– காந்தமேதான். வேளாங்கண்ணியில வாங்கினது. நரம்புக்கு நல்லது, நடுக்கம் நிக்கும்னு சொல்லி என் பொண்ணு முதல் சம்பளத்துல வாங்கிக் கட்டிவிட்டா.

– நின்னுதா?

– மிஷின்தான் நின்னுது.

– சிரிக்காதீங்க சார், எனக்கும் சிரிப்பு வருது. இத்த கேளுங்க. இது ஸ்கிரீனைப் பின்பக்கமா முழுசா மடிக்கற மாடலு. அப்டி மடிச்சா கீபோர்டு அடியில போயிடும். தெரியாத்தனமா அழுந்தக் கூடாதுல்ல? அதுக்குன்னு ஸ்கிரீன்ல ஒரு காந்தமும், இங்க மணிக்கட்டு வைக்கற எடத்துல ஒரு சென்சாரும் வச்சிருப்பான். உங்க மணி கிட்ட வந்ததும், "நம்பள மடிச்சிட்டாங்க, இனிமே வேலையில்ல"ன்னு இது கம்முனு ஆயிடுது. மெஷின் மேல தப்பே இல்ல. மாலையக் கழட்டி இப்டி வைங்க, கடுதாசிய முடிச்சிடலாம்.

– கழட்ட மாட்டேன்.

– ரெண்டே நிமிசம் சார்.

– அவ கட்டிவிட்ட நாள்ல இருந்து கழட்டினதில்லை. ஒரே வீட்டுக்குள்ள அவளோட பேச்சை நிறுத்தி ஏழு மாசம் ஆகுது. அப்பவும் கழட்டலை.

– அப்ப அந்தக் கைக்கு மாத்திக்கோங்க.

– அது ஆடற கை. அங்க போட்டா, அடிக்கறப்போ மணியும் மிஷின் மேலயேதான் ஆடும்.

– வெளிய தனியா ஒரு கீபோர்டு மாட்டித் தரட்டா?

– பாக்கி இருக்கறது ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு ஒரு கீபோர்டா? நீங்க அடிச்சுக் குடுங்க. முதல்ல எதுவரைக்கும் இருக்குன்னு வாசிங்க.

– நான் வாசிக்கணுமா சார்?

– ஏன், ரெண்டு நாள் உங்ககிட்டத்தானே இருந்துச்சு? இன்னுமா வாசிக்கலை?

– "ஆட்சேபணை"ன்னு பேரு போட்டு ஒரு பைல் கீது. பாத்தேன். தெறக்கல.

– ஏன் திறக்கலை?

– தெறந்தா என் கை சும்மா இருக்காது சார். அழிச்சிட்டு, "மெஷின்ல எல்லாம் பூடுச்சு சார்"னு சொல்லிட்டா உங்களுக்கு இன்னா தெரியப்போவுது?

– ஊரான் வீட்டுக் கடிதத்தை நீங்க எதுக்கு அழிக்கணும்?

– மொத நாள் ஆன் பண்ணதுமே "ரெனிதா"ன்னு பேரும் போட்டோவும் வந்துச்சு சார். என் தம்பி நிர்மல் போன்லயும் அதே போட்டோதான்.

– தெரிஞ்சும் இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கலை?

– நீங்க மெஷினைக் குடுத்தீங்க. பொண்ணையா குடுத்தீங்க?

– என்ன சொன்னீங்க, தம்பி?

– தப்பா பேசிட்டேன்னா மன்னிச்சிக்கோங்க சார்.

– தப்பில்லை. சரியாத்தான் கேட்டீங்க. நான் என்ன எழுதப்போறேன்னு தெரிஞ்சுக்கிட்டே அதைச் சரிபண்ண ரெண்டு நாள் மெனக்கெட்டிருக்கீங்க.

– கடைக்கு வந்த மெஷின் ஓடணும் சார். அதுல உக்காந்து நீங்க இன்னா எழுதறீங்கன்றது உங்க இஷ்டம். பேஜாராத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. அதுக்குன்னு ஓடற மெஷினை ஓடலன்னு சொல்ல முடியுமா?

– ஆறு கடையைத் தாண்டி வந்தேன்னு சொன்னேனே, காதுல விழுந்துச்சா?

– விழுந்துச்சு. உங்களுக்கும் நான் யாருன்னு தெரியும்ன்றது இப்பதான் சார் மண்டையில ஏறுது. அப்ப, ரிப்பேரே பொய்யா?

– ரிப்பேர் நிஜம். கடைதான் நானா பார்த்தது. விசாரிக்க ஆள் அனுப்பியிருக்கலாம். ஆள் வருதுன்னா எல்லாரும் நல்ல முகத்தைத்தான் எடுத்து வைப்பாங்க. கெட்டுப்போன சாமானோட போய் நின்னாத்தான் மனுஷன் தெரியும்.

– அதுக்குத்தான் மூணு தபாவா?

– சீல் வைக்கறதுக்கு முன்னாடி எத்தனை தடவைன்னு சொன்னேனே. மூணு தடவை பார்த்துட்டுத் தள்ளிவிட்டதும் நிறைய உண்டு, அதையும் தெரிஞ்சுக்கோங்க.

– தள்றதுன்னா தள்ளுங்க சார், உங்க பொண்ணு. ஒன்னு மட்டும் சொல்றேன். எங்கம்மாவும் நாலு நாள் சோறு துன்னல. "நம்ம சாமி இன்னா நெனைக்கும், ஜனம் இன்னா பேசும்"னு ஒரே அழுகை. அஞ்சாவது நாள் அந்தப் பொண்ணு போன் பண்ணி, "அத்தே, சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு. அவ்ளோதான். எழுந்து போய் தட்டு வச்சிகினாங்க.

– என்கிட்டயும் தினமும் கேட்கறா. நான்தான் பதில் சொல்றதில்லை.

– ஏழு மாசமாவா?

– எங்க குடும்பத்துல நாலு தலைமுறையா ஓலை வாசிச்சிருக்காங்க தம்பி. ரெண்டு பக்கத்துப் பேரும் கோயில் ரெஜிஸ்டர்லயே இருக்கும். நாளைக்கு வாசிச்சதும் முன் பெஞ்சுல இருந்து கடைசி பெஞ்சு வரைக்கும் திரும்பி என்னைத்தான் பார்ப்பாங்க. "யார் வீடு அது, என்ன ஜனம்?"னு கேட்பாங்க. கேட்டா அதுக்குப் பதில் என் வாயில இருக்கணும். கேட்டுக் கேள்விப்பட்டதா இருக்கக் கூடாது. நான் கண்ணால பார்த்ததா இருக்கணும். ம், வாசிங்க. நேரமாகுது.

– "மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கு. என் மகள் ரெனிதாவுக்கும், சேக்காடு, காலஞ்சென்ற திரு. தேவராஜன் அவர்களின் மகன் நிர்மலுக்கும் திருமண ஓலை வாசிக்கப்படுவதில்..." சார், எங்க நைனாவுக்கு "திரு"வும் "அவர்களும்" போட்டுகீறீங்க.

– காலமானவர். முறைன்னு ஒண்ணு இருக்கு. மேல வாசிங்க.

– "...வாசிக்கப்படுவதில், பெண்ணின் தகப்பனாகிய எனக்கு ஆட்சேபணை." அவ்ளோதான். முத்துப்புள்ளிகூட வைக்கல.

– அங்கதான் தினமும் நிக்கும்.

– கரீட்டா அந்த எடத்துலயேவா சார்? மெஷின் தானா நின்னுதா, இல்ல...

– ஒரு நாள் அது நின்னுது. ஒரு நாள் நான் அடிச்சு, நானே அழிச்சேன். கணக்கு எதுக்கு இப்போ?

– மணி நாலரை ஆவுது சார். அஞ்சுக்குள்ள கோயிலுக்குப் போவணும்னீங்க.

– அதான் அடிங்கன்னு சொல்றேன்.

– டேய் வேம்புலி! பால் அடுப்புல கீது. டீ போடட்டா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லேன்டா!

– இரும்மா, இங்கயும் ஒரு வார்த்தைக்குத்தான் நிக்குது! சார், "உண்டு"ன்னா மூணு எழுத்து, "இல்லை"ன்னாலும் மூணு எழுத்து. என் கையால எத்த அடிக்கட்டும், நீங்களே சொல்லுங்க.

– உங்க அம்மாகிட்ட எனக்குச் சர்க்கரை அரைக் கரண்டி போதும்னு சொல்லுங்க. சொல்லிட்டு வந்து அடிங்க, சம்பந்தி.