போஞ்சி வேரை எரித்தவர்

லண்டனில் டூட்டிங் போகும் பஸ்ஸின் மேல்தட்டில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். சனிக்கிழமை நெரிசலில் பஸ் நகரவில்லை. மனைவி எழுந்து எழுந்து றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போஞ்சி வேரெல்லாத்தையும் நேற்றுக் கிண்டி எரிச்சுப்போட்டன்” என்றார் கணவர்.

இதைக் கேட்ட பிறகு எந்த மனிதனால் பத்திரிகை வாசிக்க முடியும்?

“எங்கை, கவுன்சில் எங்களுக்கு வாடகைக்குத் தந்த தோட்டத்திலையோ?”

“ஓம். வேர் முழுக்கக் கட்டி கட்டியாக் கிடந்தது. ஊரிலை புகையிலைக்கு அப்பிடி வந்தால் உடனை பிடுங்கி எரிக்கிறதெல்லே. விட்டால் அடுத்த பயிருக்கும் வருத்தம் பிடிக்கும்.”

“ஐயோ, அது வருத்தமில்லையப்பா! போஞ்சி, அவரை, பயறு எல்லாத்துக்கும் வேரிலை அந்தக் கட்டி இருக்கும். அதுதான் மண்ணுக்குப் பசளை. அதுக்குத்தானே தண்டை மட்டும் வெட்டிப்போட்டு வேரை மண்ணுக்கை விட்டனான். அடுத்த வருஷம் அதிலை முட்டைக்கோவா நட இருந்தனான்.”

“அடுத்த வருஷம், அடுத்த வருஷம்! நாட்டிலை சண்டை நிண்டவுடனை ஊருக்குப் போறம் எண்டு உமக்கு எத்தினை தரம் சொன்னனான்? அதுக்காகத்தானே வீட்டுக்கு ஒரு சோபாகூட வாங்காமல் இருக்கிறன்.”

மனைவி மறுபடி எழுந்தார். பஸ் அசையவில்லை. உட்கார்ந்தார்.

“அப்ப இஞ்சத்தை மண்ணுக்கு வருத்தம் வந்தால் உங்களுக்கென்ன?”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஊரத் தொடங்கியதும் மனைவி பக்கம் திரும்பினார்.

“போஞ்சி விதை மிச்சம் கிடக்கே?”