அண்ணனுக்காக வாங்கிய வீடியோ கார்டு

பிரிக்காத பெட்டியிலிருந்து ஒரு கார்டை வெளியே எடுக்கும்போது வருமே ஒரு வாசனை, அதற்காகவே இன்னொரு கார்டு வாங்கலாம் மேடம். சாம்பல் நிறப் பையைக் கிழித்தேன். உள்ளே பச்சைப் பலகை, விளிம்பில் வரிசையாகத் தங்கப் பற்கள். பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கினேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், நான் ஒன்றையும் விடாமல் சொல்கிறேன்.

பழைய கேசட்டில் இருக்கும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இறக்குவதுதான் அந்தக் கார்டின் வேலை. என் அண்ணனுக்காக வாங்கினேன். வாலிபத்தில் அவர் பெரிய நீச்சல்காரர். தலையைத் தூக்காமல் ஒரே மூச்சில் நீச்சல் குளத்தின் இந்த முனையில் முங்கி அந்த முனையில் எழுந்திருப்பார். அவர் ஜெயித்த போட்டியை யாரோ படம்பிடித்த கேசட் ஒன்று வீட்டில் இருந்தது. ப்ளேயரும் இருந்தது. ஆனால் புது டிவியில் அதைச் செருக ஓட்டை இல்லை.

இப்போது அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின், ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலும் அது நிற்கக்கூடாது என்று அண்ணி ஒரு யுபிஎஸ் வாங்கி அதில் செருகி வைத்திருந்தார். அதுவும் போதாவிட்டால் மூலையில் ஒரு சிலிண்டர். அண்ணிக்கு மருந்துக் கடையில் வேலை. மதியம் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்:

“கரண்ட் போனா யுபிஎஸ் தாங்கும் தம்பி. அதுவும் நின்னுட்டா சிலிண்டரத் திறந்து குழாய மாத்திடுங்க. நான் வர்ற வரைக்கும் அவர விட்டு நகராதீங்க.”

நான் நகரவில்லை. அதை அண்ணியே ஒத்துக்கொள்வார்.

அண்ணன் அறையிலேயே கம்ப்யூட்டர் கேபினெட்டைக் கழற்றி, கார்டை ஸ்லாட்டில் வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் இருந்தால் சொல்லுங்கள். அண்ணன் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“டேய் நட்டு, இந்தப் பொட்டி பாடுமா, இல்ல படுத்துடுமா?”

எதையாவது கழற்றிக்கொண்டே இருப்பதால் சின்ன வயதிலிருந்து எனக்கு அந்தப் பெயர்.

“பாடும், ஆடும், நீங்க நீந்துறதையும் காட்டும். சும்மா படுத்துப் பாருங்க” என்றேன். இருவரும் சிரித்தோம். சிரித்தால் அவருக்கு மூச்சு இரைக்கும், அதனால் நான் முதலில் நிறுத்திக்கொண்டேன்.

கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் சிஸ்டம் கொஞ்சம் பிகு பண்ணியது. ஏதோ கார்டு வந்திருக்கிறது, ஆனால் யாரென்று தெரியாது என்றது. கம்ப்யூட்டருக்கு அந்தக் கார்டோடு பேசத் தெரிய வேண்டுமானால் டிரைவர் என்று ஒரு புரோகிராம் வேண்டும். பெட்டியோடு வந்தது வேறு சிஸ்டத்துக்கானது. தேடித் தேடி, முகம் தெரியாத ஒரு மகராசன் எழுதி வைத்த டிரைவரைக் கண்டுபிடித்தேன். அவர் எழுதியது லினக்ஸின் பழைய கெர்னலுக்கு. புதுசுக்கு ஏற்ற மாதிரி சில வரிகளை மாற்றினேன். பிறகு மொத்தத்தையும் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி கம்பைல் செய்ய வேண்டும். மேக் என்று ஒரு கட்டளை, அவ்வளவுதான். திரையில் வரி வரியாக ஓட ஆரம்பித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடினேன்.

நடுவில் விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது. கம்ப்யூட்டர் அணைந்துபோனது. அண்ணனின் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை, யுபிஎஸ் புண்ணியத்தில். கம்ப்யூட்டரையும் யுபிஎஸ்ஸில் செருகினால் அணையாதே என்று எனக்கு அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. இரண்டையும் சேர்த்துச் செருகிப் பார்த்தேன், பாரம் தாங்காமல் யுபிஎஸ் அலறியது. ஆக, ஒன்றுக்குத்தான் இடம்.

“அண்ணா, உங்க ப்ளக்க சுவத்துல மாத்திக்கறேன். அங்க வர்றதும் அதே கரண்ட்தான.”

“நீ பாத்துக்குவடா” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கம்ப்யூட்டரை யுபிஎஸ்ஸில் செருகி மறுபடி ஓட விட்டேன். முடிகிற நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, மெஷின் நின்றது. திரை மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. மெஷின் நின்றால் கீச்சென்று ஒரு அலாரம் கத்தும். அண்ணனுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. எழுந்து போய் அதை அடக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அண்ணன் கட்டில் கம்பியைத் தட்டினார்.

“நட்டு... டேய் நட்டு...”

“ஒரு நிமிஷம்ணா, முடியப்போகுது.”

இன்னும் கொஞ்சம் தட்டினார். மூச்சடக்குவதில் அவரை யாரும் ஜெயித்ததில்லை என்பது ஞாபகம் வந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு பிழை இல்லாமல் முடிந்தது மேடம். டிரைவரை ஏற்றினேன். ‘யாரென்று தெரியாது’ என்று சொன்ன அதே லினக்ஸ், கார்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ப்ளேயருக்கும் கரண்ட் வேண்டுமே, அதனால் கட்டிலைச் சுற்றிப் போய் அதையும் யுபிஎஸ்ஸில் செருகினேன். ப்ளேயர் சின்ன ஆள், யுபிஎஸ் தாங்கியது. திரையில் கோடு கோடாக வந்து, நீலத் தண்ணீர் தெரிந்து, அதைக் கிழித்துக்கொண்டு அண்ணன் தலையைத் தூக்கிச் சிரித்தார். நான் கைதட்டினேன். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் கண் திறந்துதான் இருந்தது, பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அண்ணி வந்தபோது நான் அதே நாற்காலியில் இருந்தேன்.

“அண்ணி, ஓடுது பாருங்க” என்றேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. ஓடிப்போய் சிலிண்டரைத் திறந்தார், குழாயை மாற்றினார், அண்ணனைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தார். வெகுநேரம் கழித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மெஷின் ஏன் கத்தல?”

சொன்னேன். அவர் போனை எடுத்து உங்கள் ஸ்டேஷனைக் கூப்பிட்டார்.

உங்கள் கம்ப்யூட்டர் அதிகாரி காலையில் வந்து என்னிடம் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். “கரண்ட் போயி பாதியில நின்னா, மறுபடி மேக் கொடுத்தா விட்ட எடத்துலேருந்து போகுமில்ல?” என்றார். வேலை தெரிந்தவர். போகும் மேடம். முதல் தடவை விளக்கு சிமிட்டியபோதும் அப்படித்தான் போனது. அது எனக்கு முன்பே தெரியும். ஆக, அவசரம் என்று எதுவும் இல்லை. ப்ளக்கை மாற்றியது நான், அலாரத்தை அடக்கியது நான், எழுந்து போய்ச் சிலிண்டரைத் திறக்காமல் இருந்ததும் நான்தான். அவர் தட்டியது நன்றாகவே கேட்டது. ஒரு தடவை நிற்காமல் கடைசி வரி வரை ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

படம் எவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது தெரியுமா மேடம். அண்ணன் மட்டும் இருந்திருந்தால் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார். அத்தனையும் அவருக்காகத்தானே செய்தேன்.