கடைசிக் குடில்

ஒரு தீவுக்குப் போய் எங்கே தங்குவது என்று முடிவு செய்ய வேண்டுமானால், ஏற்கெனவே தங்கிவிட்டு வந்தவர்கள் எழுதிய குறைகளைத்தான் முதலில் படிக்க வேண்டும் மேடம். புகழ்ந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். கடல் நீலமாக இருந்தது, காலைச் சாப்பாடு பிரமாதம், சொர்க்கம். வயிற்றெரிச்சலில் எழுதுகிறவன்தான் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, தாழ்ப்பாள் பிடிக்கிறதா என்றெல்லாம் பார்த்து எழுதுவான்.

ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டீர்கள். என் தங்கை செத்ததிலிருந்து எத்தனையோ பேர் என் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறேன்.

சின்னத் தீவு, நடந்தே சுற்றிவிடலாம். படகுத்துறைக்கு எதிரே கடைகளுக்கு மேல் மாடி அறைகள் இருந்தன. சன்னலுக்கெல்லாம் கம்பி. எந்த நேரம் வெளியே கால் வைத்தாலும் கீழே இருக்கிற காவலாளி எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறான் என்று ஒரு புதுமணத் தம்பதி புலம்பியிருந்தார்கள். அதை விட்டுவிட்டேன். மேட்டுப் பக்கம் ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே அறைகளை வாடகைக்கு விட்டிருந்தது. அந்த வீட்டம்மா பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேச்சுக் கொடுப்பாராம். நல்ல மனுஷி போலிருக்கிறது. அதையும் விட்டேன்.

மூன்றாவது, தண்ணீருக்கு மேல் மரக்கால் நட்டுக் கட்டிய குடில்கள். கடைசிக் குடிலின் முன்தளத்துக்குக் கைப்பிடி கிடையாது, படகு திரும்புகிற இடம் என்பதால் அங்கே ஆழமும் அதிகம், இழுப்பும் அதிகம், குழந்தைகளோடு போகாதீர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவருக்கு வேலையாட்கள் மேல் கோபம். மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் போய்ப் படுத்துவிடுகிறார்களாம், தொண்டை கிழியக் கத்தினாலும் யாரும் வருவதில்லையாம். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு துண்டு, பாவம்.

நான் கடைசிக் குடிலைக் கேட்டு வாங்கினேன். விடுதிக்காரம்மா போனிலேயே எச்சரித்தார். "சின்னப் பிள்ளைங்க யாராச்சும் வர்றாங்களாம்மா? அப்படின்னா கரையை ஒட்டி ஒண்ணு தர்றேன்."

"இல்லைங்க. நாங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேர்தான். ரெண்டு பேருமே பெரியவங்க" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

என் தங்கைக்குத் தூக்கத்தில் எழுந்து நடக்கிற பழக்கம் உண்டு. அம்மா செத்துப்போன வருஷம் அது ஆரம்பித்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பன்னிரண்டு. கதவைப் பூட்டி வைத்தால் சன்னல் கண்ணாடியில் கையை விட்டுவிடுவாள். ஒருமுறை தையல்கூடப் போட்டோம். அப்பா என்னைக் கூப்பிட்டார். "இனிமே நீ அவ பக்கத்துலயே படு. அவ எழுந்தா நீயும் எழுந்துரு. வெளியில மூச்சு விடாதே, நாளைக்கு அவளைக் கட்டிக்கொடுக்கணும்." அதோடு அவர் கவலை தீர்ந்தது. நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

அன்றிலிருந்து அவள் கல்யாணமாகிப் போகும்வரை நான் தூங்கியதெல்லாம் கோழித் தூக்கம். பாய் அசைந்தால் எழுந்துவிடுவேன். என்னைக் கட்டிக்கொடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் போய்விட்டால் இவளை யார் பார்த்துக்கொள்வது?

நான் பல் செட்டு செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவர் எடுத்து அனுப்புகிற வாய் அச்சுக்கு ஏற்ப மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, இழைத்து, சரிபார்க்க வேண்டும். கை ஒரு நூல் பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்கு வாய் மூடாது. தங்கை புருஷன் வீட்டுக்குப் போன பிறகு பத்து வருஷம் நான் அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். கை நடுக்கம் நின்றது. முதலாளி முன்பல் வேலையையெல்லாம் என்னிடமே கொடுத்தார். முன்பல் என்றால் ஒருவருடைய சிரிப்பு மேடம், கடைவாய்ப்பல் மாதிரி இல்லை. தங்கையை மனசு தேடவில்லையா என்று கேட்பீர்கள். தேடியது. பகலில்.

பிறகு அவளுக்கும் புருஷனுக்கும் ஒத்துவரவில்லை. பெட்டியோடு வந்து நின்றாள். என் தோளில் சாய்ந்துகொண்டு, "இனிமே நீயும் நானும்தான்கா. சாகிற வரைக்கும் உன்னை விட்டு நகர மாட்டேன்" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டேன்.

வந்த அன்றைக்கே எழுந்து நடந்தாள். அவள் புருஷனிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்துப் பார்த்தேன். "அவளா? படுத்தா பொணம் மாதிரி தூங்குவா. ஒரு நாள்கூட எழுந்ததில்லையே" என்றான். அதாவது, என் பக்கத்தில் படுத்தால் மட்டும்தான் நடக்கிறாள். காலையில் அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. சோம்பல் முறித்துக்கொண்டு சொல்வாள்: "உன் பக்கத்துல படுத்தா மட்டும் எப்படித்தான் இப்படித் தூக்கம் வருதோ. சொக்குப்பொடி ஏதாவது வெச்சிருக்கியா?" அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறுப்பாக வந்தது. தூங்கித் தெளிந்த முகம் அது. என் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கிய முகம்.

கை மறுபடியும் நடுங்க ஆரம்பித்தது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு நான் செய்து கொடுத்த முன்பல் கோணலாகிவிட்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாராம். முதலாளி திட்டவில்லை. என்னைக் கடைவாய்ப்பல் வேலைக்கு மாற்றிவிட்டார்.

மருத்துவரிடம் காட்டியிருக்கலாம், வேறு வீடு பார்த்துக் கொடுத்திருக்கலாம் என்று உங்கள் முகம் சொல்கிறது. வாழ்க்கை சரியில்லாமல் வந்து நிற்கிற தங்கையை வேறு வீடு பார்த்துக்கொள் என்று எந்த அக்கா சொல்வாள்? அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை நான்.

தீவுக்குப் போகலாம் என்றது அவள்தான். "கொஞ்ச நாள் எல்லாத்தையும் மறந்துட்டு இருக்கணும்கா. எங்க தங்கறதுன்னு நீயே பாரு. உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தி" என்றாள். எனக்குப் பொறுமை ஜாஸ்திதான். கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

வந்து இறங்கியதும் அவள் பட்ட சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்தளத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எப்படிக்கா கண்டுபிடிச்சே இந்த இடத்தை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் விரலை நனைத்து முகத்தில் தெளித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

விளக்கணைக்கும் முன் ஒரு பேச்சு வந்தது. "புது இடம். சின்ன வயசுல தூக்கத்துல நடப்பேன்னு அப்பா சொல்வாரே, அது திரும்ப வந்துடுமாக்கா?"

"அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு. தூங்கு."

நம்பினாள். நான் சொன்னால் நம்புவாள்.

முன்தளத்துக்குப் போகிற வாசலுக்குக் குறுக்கே போட ஒரு கட்டை கொடுத்திருந்தார்கள். இருட்டியதும் நானே அதை மாட்டினேன். விளக்கோடு சுற்றி வந்த காவல்காரர் பார்த்துவிட்டு, "நல்ல ஜாக்கிரதைம்மா நீங்க" என்றார். அதைத்தான் உங்களிடமும் சொல்லியிருக்கிறார். விடிந்ததும் கழற்றி ஓரமாக வைத்துவிடுவேன். பகலில் அது எதற்கு? மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாலும் அவள் எழுந்து நடப்பாள் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.

அன்றைக்கும் சாப்பிட்டுப் படுத்தாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன், எதுவும் தெரியாது என்று உங்களிடம் முதலில் சொன்னேன். அதற்குள் அந்தப் படகுக்காரர் சாட்சி சொல்ல வந்துவிட்டார். பக்கத்துக் குடிலுக்கு அடியில் நிழலுக்காகப் படகை ஒதுக்கிப் படுத்திருந்தாராம். யாரோ ஒரு அம்மா குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி மெதுவாக ஏதோ சொன்னது கேட்டதாம், பிறகுதான் தண்ணீர்ச் சத்தமாம். யாரோ குளிக்கிறார்கள் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாராம். நல்ல காது அவருக்கு. குடிலில் குழந்தை எதுவும் இல்லையே என்று நீங்கள் கேட்டதும் நியாயம்தான்.

கட்டில் அசைந்தபோதே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறந்தபடி என்னைத் தாண்டிப் போனாள். நான் பின்னாலேயே போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல வெயில், ஆள் நடமாட்டம் இல்லை. தளத்தின் ஓரம்வரை போனவள் அங்கே நின்றுவிட்டாள். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை மேடம். அவ்வளவு படித்து, விசாரித்து, இடம் பார்த்து வந்திருக்கிறேன், அவள் போகாமல் நிற்கிறாள். பாதி விரல் வெளியே இருந்தது. தூக்கத்திலும் பாதத்துக்குத் தெரியும் போலிருக்கிறது. முகத்தை லேசாக என் பக்கம் திருப்பினாள். தூக்கத்தில் அவளுக்கு என் குரல் ஒன்றுதான் கேட்கும். எந்தப் பக்கம் வரச் சொன்னாலும் வருவாள். எத்தனையோ வருஷம் அப்படிச் சொல்லித்தான் படுக்கைக்குத் திருப்பிக் கூட்டி வந்திருக்கிறேன்.

"ஒண்ணுமில்லடா கண்ணு. அக்கா இருக்கேன். போ" என்றேன்.

போனாள். தண்ணீரில் விழுந்ததும் விழித்துக்கொண்டாள். மேலே வந்தபோது என்னைப் பார்த்து "அக்கா" என்றாள். இழுப்பு அவளைத் தூணுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது. அங்கிருந்தும் ஒருமுறை கூப்பிட்டாள். நான் உள்ளே வந்து படுத்தேன். வேலையாட்கள் கதவைத் தட்டியபோது தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னது பொய் இல்லை, அவர்களையே கேட்டுப் பாருங்கள். தட்டித் தட்டிக் கை வலித்திருக்கும் அவர்களுக்கு.

அவள் மேல் நான் ஒரு விரல்கூட வைக்கவில்லை. அதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.