இரண்டு சாவி இன்ஜின்

ஐயா, நீங்கள் கொடுத்த பேனா நன்றாகவே எழுதுகிறது. கேட்டபடி வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பழைய மின்சார ரயில் இன்ஜினுக்குள் டீசல் எந்திரத்தையும் பொருத்தி, மின்கம்பி உள்ள இடத்தில் கரண்டிலும் இல்லாத இடத்தில் டீசலிலும் ஓட வைப்பது எங்கள் பட்டறையின் வேலை. ஒயரிங் முழுக்க நான். மேற்பார்வை என் தங்கை கணவர். படித்தவர். ஸ்பேனரைப் பல்குச்சி மாதிரி பிடிப்பார்.

பழைய இன்ஜினுக்கு ஒரே சாவி. அதை உருவினால், கூரைமேல் கம்பியைத் தொட்டுக் கரண்டு எடுக்கும் பாண்டோ இறங்கிவிடும். உயர் அழுத்த மின் அறையையும் அதுதான் திறக்கும். அந்தச் சாவி சட்டைப்பையில் இருக்கும்வரை அறைக்குள் இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது. மாற்றிக் கட்டியதில் டீசலுக்கென்று இன்னொரு சாவி வந்தது. அது அந்த அறையைத் திறக்கவே கூடாது.

"எதுக்கு மச்சான் ரெண்டு சாவிய வச்சுத் தடவிக்கிட்டு? ரெண்டுக்கும் தொறக்கிற மாதிரி பூட்டை ராவி விட்டுடுங்க."

"ஆபத்து மாப்ள."

"வயசானா மாடிப்படிகூட ஆபத்துதான்."

பட்டறையே சிரித்தது. நான் அரத்தை எடுத்தேன். மூன்று நாள் மெனக்கெட்டு ராவிக் கொடுத்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

செவ்வாய்க்கிழமை, இன்ஜின் சோதனைத் தடத்தில் மின்கம்பிக்கு அடியில் நின்றது. பாண்டோ இறங்கியிருந்தது. அவர் டீசல் சாவியை உருவி, அறையைத் திறந்து, அதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கரண்டுச் சாவி ஓட்டுநர் மேசையிலேயே செருகியிருந்தது. அதன் முன்னால் நான்.

பாண்டோவை ஏற்றும் பொத்தானை அழுத்தினேன். காற்றழுத்தம் போதவில்லை, எழும்பவில்லை. சின்ன கம்ப்ரசரை ஓடவிட்டேன்.

"என்ன சத்தம் மச்சான்?"

"காத்து ஏத்துறேன் மாப்ள. நீங்க பாருங்க."

"ஞாயித்துக்கிழமை வீட்டுப் பக்கம் வாங்க. வரவே மாட்டேங்கிறீங்கன்னு உங்க தங்கச்சி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா."

அழுத்தமானியின் முள் நிதானமாக ஏறியது. நான்கு நிமிடம். மறுபடி அழுத்தினேன். பாண்டோ போய்க் கம்பியைத் தொட்டது. அதற்குமேல் உள்ளிருந்து கேள்வி எதுவும் வரவில்லை.

மறுநாள் தங்கை கேட்டாள்: "பூட்டுல ஏதாச்சும் கோளாறாண்ணா?"

இல்லை என்றேன். என் கைவேலையைப் பற்றி அவள் தப்பாக நினைக்கலாமா?

ஒரே ஒரு திருத்தம். உங்கள் காவல் நிலைய எழுத்தர் 'ஆத்திரத்தில் செய்தார்' என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். ஆத்திரக்காரனால் முள் ஏறும்வரை நான்கு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? மேற்பார்வையாளர் போட்ட உத்தரவு சரியா என்று சோதித்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.